இங்கே விற்காத லெகோ சூப்பர்ஹீரோக்கள்: எந்த வழியில் வாங்குவது?

பிளாஸ்டிக் கட்டைகளும் குட்டிப் பொம்மைகளுமாக வருகிற லெகோவில் ஹல்க் மற்ற பொம்மைகளைப் போல இருக்க மாட்டான். அயர்ன் மேனும் கேப்டன் அமெரிக்காவும் நாலு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்போது ஹல்க் மட்டும் பெரிய முரட்டு உருவமாக அவர்களுக்கு மேலே எழும்பி நிற்பான். ஆனால் 2012-இல் ஒரு சின்ன ஹல்க்கும் வந்தான், மற்றவர்கள் உயரத்திலேயே. அவனைக் கடையில் விற்கவில்லை. அந்த வருஷம் லெகோவின் சொந்தக் கடைகளில் சூப்பர்ஹீரோ செட் வாங்கியவர்களுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு இலவசமாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். உறையின் எண் 5000022. மதுரையில் உட்கார்ந்துகொண்டு அந்த ஹல்க்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் என் மேசைக்கு வந்து சேர ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷத்தில் வாங்குவதற்கு இருக்கிற எல்லா வழிகளையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டேன், இரண்டில் பணத்தையும் இழந்தேன்.

இப்போது இந்த மாதிரி இலவசப் பொம்மைகளைத் தேடுகிற பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: வெளிநாட்டிலிருந்து நேராகத் தபாலில் வரவழைக்கலாமா, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரிடம் சொல்லலாமா, இங்கே ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாமா? அப்புறம் நூறு ரூபாய்க்கு டூப்ளிகேட் கிடைக்கிறதே, அது போதாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியல் போட்டு, பொறுமையாகக் காத்திருந்து, ஊருக்கு வருகிற ஓர் உறவினரின் பெட்டியில் மொத்தமாக வரவழைப்பதுதான் நமக்குச் சரியான வழி. மற்ற வழிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் எந்தப் பொம்மைக்கு எந்த வழி என்பது அந்தப் பொம்மை முதலில் எப்படி வெளியே வந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்த இலவசங்கள் ஒரே மாதிரி வருவதில்லை. ஹல்க் மாதிரி கடையில் பொருள் வாங்கினால் கொடுப்பது ஒரு வகை. 2013-இல் புது சூப்பர்மேன் படம் வந்த சமயம் கொடுத்த ஜோர்-எல் (5001623), அடுத்த வருஷம் வந்த மார்ஷியன் மேன்ஹன்டர் (5002126) எல்லாம் இதே குடும்பம்தான். வீடியோ கேமுக்கு முன்பதிவு செய்தவர்களுக்குக் கொடுத்தது இன்னொரு வகை. 2012-இல் லெகோ பேட்மேன் 2 கேமோடு லெக்ஸ் லூதர் (30164), 2013-இல் மார்வெல் கேமோடு அயர்ன் பேட்ரியட் (30168), 2014-இல் லெகோ பேட்மேன் 3 கேமோடு பிளாஸ்டிக் மேன் (5004081), 2016-இல் சில்வர் சென்ச்சூரியன் அயர்ன் மேன் (5002946). படத்தின் டிவிடி பெட்டிக்குள் வந்தவர்களும் உண்டு, கிளார்க் கென்ட் அப்படி 2013-இல் வந்தான், பேட்சாரோ 2015-இல். டிகே பதிப்பகத்தின் புத்தக அட்டையிலேயே பொம்மையைப் பதித்தும் விற்றார்கள்: 2012-இல் எலக்ட்ரோ சூட் பேட்மேன், 2016-இல் கடற்கொள்ளைக்காரன் உடையில் ஒரு பேட்மேன்.

கிளார்க் கென்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 1984-இல் கென்னர் நிறுவனம் சூப்பர் பவர்ஸ் என்று ஒரு பொம்மை வரிசை கொண்டுவந்தது. அதிலும் கிளார்க் கென்ட் கடைக்கு வரவே இல்லை. மற்ற பொம்மைகளின் அட்டையிலிருந்து வாங்கியதற்கான அத்தாட்சியை வெட்டித் தபாலில் அனுப்பினால்தான் வீட்டுக்கு வருவான். கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து லெகோவிலும் அவன் இலவசமாகத்தான் வந்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு கூட்டத்தில் மறைந்து நிற்கிற ஒருவன், இரண்டு முறையும் கடை அலமாரியில் நிற்காமல் பக்கவாட்டில் வந்து சேர்ந்திருக்கிறான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கடைசி வகை, பெயர் கேட்டாலே ஆசை வருகிற வகை, காமிக்கான் என்கிற காமிக்ஸ் ரசிகர் திருவிழாக்களில் கொடுத்த பொம்மைகள். 2011-இல் சான் டியேகோ காமிக்கானில் கொடுத்த கிரீன் லான்டர்ன், 2012-இல் அங்கேயே வந்த ஷசாம், பிசாரோ, ஃபீனிக்ஸ், கறுப்பு சிம்பியோட் ஸ்பைடர்மேன். 2012-இல் வந்த ஒவ்வொன்றிலும் ஆயிரம்தான். அதே வருஷம் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் கொடுத்த அயர்ன் மேனும் கேப்டன் அமெரிக்காவும் தலா 125 மட்டுமே. இவை பற்றி முடிவில் பேசலாம், இவற்றுக்குக் கணக்கே வேறு.

எந்த வழியில் போனாலும் முதலில் செய்யவேண்டியது பிரிக்லிங்க் தளத்தில் உங்கள் பொம்மையின் பக்கத்தைத் திறப்பது. லெகோ பொம்மைகளையும் பாகங்களையும் பலர் கடை போட்டு விற்கிற இணையச் சந்தை அது. 2000-இல் லெகோ ரசிகர் ஒருவர் தொடங்கினார், 2019-இல் லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு குட்டிப் பொம்மைக்கும் அங்கே தனி எண் உண்டு, சூப்பர்ஹீரோக்களுக்கு எஸ்எச் என்று தொடங்கும், காமிக்கான் பொம்மைகளுக்கு காம்கான் என்று தொடங்கும். கடந்த ஆறு மாதத்தில் அது எத்தனை விற்றது, புதிது என்ன விலை, பயன்படுத்தியது என்ன விலை என்று எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த விலையைக் குறித்துக்கொள்ளாமல் யாரிடமும் பேரம் பேசப் போகாதீர்கள். நான் முதல் வருஷம் இதைச் செய்யவில்லை, அதனால் ஒரு லெக்ஸ் லூதருக்கு அதன் மதிப்பைப் போல மூன்று மடங்கு கொடுத்தேன்.

தபாலில் நேராக வரவழைப்பது

கேட்பதற்குச் சுலபமான வழி இதுதான், கையைச் சுடுகிற வழியும் இதுதான். ஈபே மாதிரி இணையச் சந்தையில் பொம்மை 15 டாலர் என்று போட்டிருப்பார்கள். இந்தியாவுக்கு அனுப்பும் கட்டணம் 18, 20 டாலர் என்று வரும், பொம்மையின் எடை என்னவோ சில கிராம்தான். இதோடு முடிந்தால் பரவாயில்லை. சுங்கவரி பொம்மையின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை, அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்த மொத்தத் தொகைக்குப் போடப்படும், அதன் மேல் ஜிஎஸ்டி வேறு. அதாவது நீங்கள் தபாலுக்குக் கொடுத்த 20 டாலருக்கும் வரி கட்டுகிறீர்கள். பலர் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான்.

பொம்மைகள் மேல் அரசுக்கு இருக்கிற பார்வையும் மாறிவிட்டது. பொம்மை இறக்குமதிக்கு 20 சதவீதமாக இருந்த அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் இங்கே விற்கிற பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். உள்ளூர்ப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றவும், தரமில்லாத பிளாஸ்டிக் குழந்தைகள் கைக்குப் போகாமல் தடுக்கவும் கொண்டுவந்த விதிகள் இவை, அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஒற்றைப் பார்சலாகச் சொந்த உபயோகத்துக்கு வருவதற்கு வரி விகிதம் தனி, அதுவும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, ஆகவே ஆர்டர் போடுகிற வாரத்தில் அன்றைய விகிதத்தைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ சொன்ன கணக்கை நம்பாதீர்கள்.

அப்புறம் இந்த ‘அன்பளிப்பு’ விவகாரம். விற்பவரிடம் சொல்லி உறையின் மேல் அன்பளிப்பு என்று எழுதச் சொன்னால் வரி வராது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 5,000 ரூபாய் வரை அன்பளிப்புக்கு இருந்த விலக்கை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். அப்படி எழுதினால் இப்போது லாபம் எதுவும் இல்லை, பொய் விவரம் கொடுத்ததுதான் மிச்சம். விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் அப்படியே. பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த விலைக்குத்தான் நீங்கள் நஷ்டஈடு கேட்க முடியும்.

என் முதல் பார்சல் ஆறு வாரம் எங்கே இருந்தது என்றே தெரியாமல் இருந்து, ஒரு நாள் தபால்காரர் வாசலில் நின்று வரித் தொகையைச் சொன்னபோது, 15 டாலர் அயர்ன் பேட்ரியட்டுக்கு மொத்தமாக நான்காயிரத்துக்கு மேல் கொடுத்திருந்தேன். இரண்டாவது பார்சல் வரவே இல்லை. விற்றவர் நல்ல மனிதர், பாதிப் பணத்தைத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு நேர்த் தபால் வழியை இரண்டு நிலைமைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்று, வேறு எங்கும் கிடைக்காத, பல மாதமாகத் தேடுகிற ஒரே பொம்மை. இரண்டு, ஒரே விற்பனையாளரிடம் என் பட்டியலில் ஐந்தாறு பொம்மை இருந்தால், தபால் செலவு எல்லாவற்றுக்கும் பிரிந்துவிடும் என்பதால். ஒற்றைப் பொம்மைக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

உறவினரின் பெட்டி

என் சித்தி மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவான். முதல் தடவை அவனிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது, நாற்பது வயதில் பொம்மை வாங்கிவரச் சொல்வதா என்று. கேட்டதும் அவன் சொன்னது, “அண்ணே, சின்னம்மாவுக்கு அஞ்சு கிலோ தைலமும் பால் பவுடரும் கொண்டு வர்றேன், இந்த இத்தினியூண்டு பாக்கெட்டுக்கா இவ்வளவு யோசிக்கிறீங்க?” உண்மைதான். இந்தப் பொம்மைகளின் பெரிய பலமே அளவுதான். ஒரு சட்டையின் மடிப்புக்குள் பத்து பொம்மை வைக்கலாம். உறை பிரிக்காதவையாக இருந்தாலும் இருபது உறை ஒரு செருப்புப் பெட்டி இடத்தைக்கூட அடைக்காது.

இந்த வழியில் செலவு எப்படிக் குறைகிறது என்றால், விற்பவர் தன் நாட்டுக்குள்ளேயே அனுப்புகிறார். அமெரிக்காவில் இருக்கிற என் நண்பனின் அக்கா வீட்டு முகவரிக்கு அங்குள்ள பிரிக்லிங்க் கடைகளிலிருந்து வரும்போது ஒரு பார்சலுக்கு நாலைந்து டாலர்தான் ஆகிறது. பெட்டியில் வருகிற பொருளுக்கும் வரம்பு உண்டு. சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா போன்ற இடங்களிலிருந்து விமானத்தில் வருகிற நம்மவருக்கு 2016-இல் வந்த பயணச் சாமான் விதிகளில் தீர்வையில்லாத வரம்பு 50,000 ரூபாயாக இருந்தது, 2026 பிப்ரவரியில் வந்த புது விதிகளில் அது 75,000 ஆனது. நாம் கேட்கிற பத்துப் பொம்மை அதில் ஒரு மூலைக்குத்தான் வரும். ஆனால் அது அவர்களுடைய வரம்பு, நம்முடையது இல்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிவருவது, வீட்டுக்கு வாங்கிவருவது எல்லாம் அதில்தான் அடங்கவேண்டும். இதை மறந்துவிட்டுப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகக்கூடாது.

நான் கடைப்பிடிக்கிற சில விஷயங்கள் உண்டு, உறவு கெடாமல் இருக்க இவை அவசியம் என்று நினைக்கிறேன். பணத்தை முன்னாலேயே அனுப்பிவிடுவேன், “வந்ததும் பார்த்துக்கலாம்” என்பதே கிடையாது. அவர்களைத் தேட விடமாட்டேன், நானே கடையைப் பார்த்து, நானே ஆர்டர் போட்டு, அவர்கள் வீட்டு முகவரியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வேன். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் எல்லாப் பார்சலும் அங்கே சேர்ந்திருக்கவேண்டும், கிளம்புகிற அன்று காலையில் வரும் என்று எதையும் நம்பி விடுவதில்லை. ஒரு வருகைக்கு மூன்று கடைக்கு மேல் ஆர்டர் போடுவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு பார்சலுக்கும் யாரோ ஒருவர் வாசலுக்குப் போய் வாங்கவேண்டும். பிரிக்லிங்கில் பல கடைகள் இவ்வளவுக்காவது வாங்கவேண்டும் என்று ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கும், அதனாலும் பட்டியலை ஒன்றிரண்டு கடைக்குள் அடக்குவது நல்லது. அங்கேயே உடைத்துப் பார்க்கச் சொல்லவும் மாட்டேன். அவர்களுக்கு அசலும் நகலும் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. நல்ல மதிப்பீடு உள்ள பழைய கடையாகப் பார்த்து வாங்கும் பொறுப்பு என்னுடையது.

குறை இல்லாமல் இல்லை. காத்திருக்கவேண்டும். ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார் என்றால் நீங்கள் ஜனவரியில் கண்ட பொம்மை கைக்கு வர அக்டோபர் ஆகும். அந்த இடைவெளியில் விலை ஏறலாம். ஆனால் இந்த இலவச உறைகள் பெரும்பாலும் ஒரே வாரத்தில் மறைந்துபோகிறவை இல்லை, ஆயிரக்கணக்கில் வெளியானவை, பத்து வருஷம் கழித்தும் யாராவது ஒருவர் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். என் அனுபவத்தில் காத்திருந்ததால் எதையும் இழக்கவில்லை, அவசரப்பட்டதால்தான் இழந்தேன். இன்னொன்று, வெளிநாட்டில் யாருமே இல்லாதவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. அவர்களுக்கு அடுத்து சொல்வதுதான் வழி.

இங்கேயே வைத்திருப்பவர்கள்

சென்னை, பெங்களூரு, மும்பை, ஐதராபாத் என்று நம் நாட்டிலேயே நிறைய பேர் சேர்க்கிறார்கள். இரட்டையாக வந்தவற்றை விற்கிறார்கள், மாற்றிக்கொள்கிறார்கள். யுபிஐயில் பணம், ஸ்பீட் போஸ்டில் மூன்றாம் நாள் பொம்மை, வரி என்ற பேச்சே இல்லை. விலை பிரிக்லிங்கில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு என்றால் நான் யோசிக்காமல் கொடுத்துவிடுவேன், ஏனென்றால் அந்த ஆள் ஏற்கெனவே தபாலும் வரியும் காத்திருப்பும் எல்லாம் பட்டுத்தான் அதை இங்கே கொண்டுவந்திருக்கிறார். இரண்டு மடங்கைத் தாண்டினால் உறவினர் வரும்வரை காத்திருப்பேன்.

இங்கே ஆபத்து நகல்தான், அதிலும் தெரிந்தே ஏமாற்றுகிறவர்கள் குறைவு. விற்பவருக்கே அது நகல் என்று தெரியாமல் இருப்பதுதான் அதிகம், அவரும் யாரிடமோ வாங்கியிருப்பார். ஆகவே படம் கேட்கும்போது முகத்தை மட்டும் கேட்காதீர்கள். தலையைக் கழற்றச் சொல்லுங்கள். அசல் பொம்மையின் கழுத்துக் குமிழின் மேல் லெகோ என்ற எழுத்து பொடியாகப் பதிந்திருக்கும். நகலில் அது இருக்காது, அல்லது வேறு ஏதோ எழுத்து இருக்கும். பிறகு மார்பில் அச்சிட்ட கோடுகள், சின்னம் நடுவில் இருக்கிறதா, இடுப்புக் கோடும் காலில் தொடர்கிற கோடும் சேருகின்றனவா. கையில் வந்ததும் காலை மடக்கிப் பாருங்கள், அசலின் கால் நிறுத்திய இடத்தில் நிற்கும், நகலின் கால் தொளதொளவென்று ஆடும், இல்லையென்றால் நகரவே நகராது. துணி அங்கியின் ஓரம் நூல் பிரிந்திருந்தாலும் சந்தேகம்தான். கழுத்துப் படத்தைக் கேட்டதும் கோபப்படுகிறவரிடம் வாங்காதீர்கள். நல்ல சேகரிப்பாளர் கேட்காமலே அந்தப் படத்தை அனுப்புவார்.

முடிந்தால் நேரில் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது. 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் முதன்முதலாகக் காமிக்கான் நடந்தது. அந்த மாதிரிக் கூட்டங்களில் கடைகளைவிட, வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிறவர்தான் முக்கியம். பையில் தொங்கும் பொம்மையைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்து, அப்படித்தான் என் மார்ஷியன் மேன்ஹன்டருக்கு ஒரு தடம் கிடைத்தது.

புத்தகத்தோடு வந்த பேட்மேன்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. அவை புத்தகமாக இங்கே இணையக் கடைகளில் அவ்வப்போது தலைகாட்டும், விலையும் ரொம்பக் குறைவாக இருக்கும். எனக்கு வந்த பிரதியில் அட்டையில் பொம்மை இருந்த குழி இருந்தது, பொம்மை இல்லை. பழைய பிரதி என்றால் இது மிகச் சாதாரணம். பொம்மை உள்ளே இருக்கிறதா என்று விற்பவர் எழுத்தில் சொல்லாமல் பணம் கட்டாதீர்கள். டிவிடிக்கும் இதே கதைதான்.

நூறு ரூபாய் டூப்ளிகேட்

எந்தப் பொருட்காட்சிக்குப் போனாலும், எந்த ஃபேன்சி ஸ்டோரில் நுழைந்தாலும் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக நிற்கிறார்கள். அயர்ன் மேன் பத்து விதம், ஸ்பைடர்மேன் பதினைந்து விதம், லெகோ தன் வாழ்நாளில் செய்யாத விதங்கள் எல்லாம் உண்டு. ஆயிரமே வெளியான காமிக்கான் பொம்மையின் நகலும் அதில் இருக்கும், ஐம்பது நூறு ரூபாய்க்கு. சீனாவில் லெபின் என்ற பெயரில் இதைப் பெரிய அளவில் செய்துகொண்டிருந்த தொழிற்சாலையை 2019 ஏப்ரலில் அந்நாட்டுப் போலீசே சோதனையிட்டு மூடியது, ஆனாலும் வேறு வேறு பெயரில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

குழந்தைக்கு விளையாட வாங்குகிற பெற்றோரிடம் நான் வாதாட மாட்டேன், எல்லாராலும் அசல் வாங்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் சேர்ப்பவர் இதை வாங்கக்கூடாது என்பது என் கருத்து, அதுவும் உறுதியாக. காரணம் மரியாதை கௌரவம் அல்ல. நகல் ஒன்று உங்கள் அலமாரிக்கு வந்தால் அது அங்கேயே இருக்காது. ஐந்து வருஷம் கழித்து நீங்கள் மறந்திருப்பீர்கள், இடம் மாறும்போது மொத்தமாக விற்பீர்கள், வாங்குகிற பையன் அசல் என்று நினைத்து ஒரு மாதச் சேமிப்பைக் கொடுப்பான். என் முதல் பிளாஸ்டிக் மேன் அப்படித்தான் எனக்கு வந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. பெட்டியைத் திறந்து கழுத்தைப் பார்த்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நகலை யாருக்கும் விற்காமல் காலை உடைத்துப் போட்டுவிட்டேன்.

நகலுக்குப் பதிலாக இன்னொரு வழி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. லெகோ பாகம் பாகமாகப் பிரிகிற பொருள். ஓர் இலவசப் பொம்மையில் அரிதாக இருப்பது பெரும்பாலும் அச்சிட்ட உடல் மட்டும்தான், சில சமயம் முகமும். கால், கை, முடி, அங்கி எல்லாம் சாதாரண செட்டில் வருகிறவையாகவே இருக்கலாம், பிரிக்லிங்கில் அந்தப் பொம்மையின் பாகப் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். உடலை மட்டும் வாங்கி, மிச்சத்தை உங்கள் பழைய டப்பாவிலிருந்தே எடுத்து மாட்டினால் அது முழுக்க முழுக்க அசல் பொம்மைதான், விலை பாதிக்கும் கீழே. உறை வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது. எனக்குப் பொம்மை போதும், உறை வேண்டாம் என்பதால் என்னுடைய இரண்டு பொம்மைகள் இப்படிச் சேர்ந்தவைதான்.

காமிக்கான் பொம்மைகள் பற்றி

விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். உலகத்தில் 125 இருக்கிற ஒரு கேப்டன் அமெரிக்காவுக்கு எந்த வழி நல்லது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே இடமில்லை, அது சொத்து வாங்குகிற மாதிரி. ஆயிரம் இருக்கிறவற்றின் விலையும் நம் ஊரில் ஒரு நல்ல இருசக்கர வாகனத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அவ்வளவு பணம் கைமாறுகிற இடத்தில்தான் நகலும் மிக நேர்த்தியாகச் செய்யப்படுகிறது. ஒரு படத்தைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து வாங்குகிற நமக்கு அதைக் கண்டுபிடிக்க வாய்ப்பு குறைவு. உறவினர் பெட்டியிலும் அதைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், அந்தச் சுமையை அவர் தலையில் வைப்பது நியாயம் இல்லை.

அந்தக் கதாபாத்திரத்தின்மேல்தான் ஆசை என்றால், காத்திருந்தவர்களுக்கு லெகோவே வழி விட்டிருக்கிறது. 2013 காமிக்கானில் கொடுத்த கிரீன் ஆரோ 2015-இல் டார்க்சைட் செட்டில் (76028) வேறொரு வடிவத்தில் கடைக்கே வந்தான். ஷசாம் 2019-இல் சாதாரண உறையிலேயே (30623) வந்தான். 2020-இல் வந்த டிசி குட்டிப் பொம்மை வரிசையில் (71026) பதினாறு பேர், ஹன்ட்ரஸ், ஸ்டார்கேர்ள், பம்பிள்பீ, பேட்-மைட் என்று அதுவரை அதிகம் பார்க்காத முகங்கள். மார்வெலுக்கு 2021-இலும் 2023-இலும் பன்னிரண்டு பன்னிரண்டாக வந்தன (71031, 71039). இவை இங்கே உள்ளவர்களிடம் சுலபமாகக் கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும். காமிக்கான் கிரீன் ஆரோ மாதிரி அச்சு அசலாக இருக்காதுதான். ஆனால் என் மேசையில் வில்லோடு நிற்கிற அவனைப் பார்க்கும்போது எனக்கு வேறு ஆள் ஞாபகம் வருவதில்லை.

வாங்கியதை வைத்திருப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நம் வெயிலில் ஜன்னல் ஓரம் வைத்த வெள்ளைப் பாகம் சில வருஷத்தில் மஞ்சளாகும், ஆகவே வெயில் நேராகப் படாத அலமாரி வேண்டும். உறையோடு வைக்கிறவர்கள் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், இல்லையென்றால் கடலோர ஊர்களில் உள்ளே இருக்கிற காகிதம் நெளிந்துவிடும்.

என் கணக்கில் இப்போது பாக்கி இருப்பது நாலு. சில்வர் சென்ச்சூரியனை பெங்களூருவில் ஒருவர் ஒன்றரை மடங்குக்குக் கொடுக்கிறார், கழுத்துப் படமும் அனுப்பிவிட்டார், இந்த மாதச் சம்பளம் வந்ததும் அவரிடம் வாங்கிவிடுவேன். ஜோர்-எல்லும் அசல் பிளாஸ்டிக் மேனும் ஒரே கடையில் இருக்கின்றன, அமெரிக்க முகவரிக்கு ஆர்டர் போட்டாயிற்று, நண்பனின் அக்கா டிசம்பரில் வருகிறார். கிளார்க் கென்டை மட்டும் இன்னும் டிவிடி உறையோடு நல்ல நிலையில் காணவில்லை. சித்தி மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவன் அடுத்த தடவை வருவதற்குள் கிடைத்தால் சரி, இல்லையென்றால் அதற்கும் அடுத்த தடவை.